கணு

திருடிய கிளைதான் வேர் விடும்
என்பார்கள் எங்கள் தோருன் நகரத்தில்.
கேட்டு வாங்கியது அழுகும்.
நன்றி சொன்னால் அன்றைக்கே அழுகும்.

அதனால்தான் வரி அலுவலகம், இரண்டாம் மாடி, ஏழாம் மேசை.
டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு.
முகவரி மாற்றப் போயிருந்தேன்.
கோப்பு அலமாரியைச் சுற்றிக்கொண்டு
ஜன்னல்வரை போய்த் திரும்பியிருந்தது ஒரு மணி பிளாண்ட்,
வேலை நேரத்தில் உலாத்தும் ஊழியர் மாதிரி.
முத்திரை மையைத் தேடி அவர் குனிந்தபோது
ஓர் இலையைக் கிள்ளினேன்.
கையுறைக்குள் வைத்து மூடினேன்.
டிராம் வீடு சேரும்வரை
உள்ளங்கை ஈரமாகவே இருந்தது.

புது வீட்டில் ஜன்னல் விளிம்புதான் மேசை.
கடுகு விழுது தீர்ந்த புட்டி,
மூன்று முறை கழுவியும் காரம் போகவில்லை.
குழாய்த் தண்ணீரை இரவெல்லாம் திறந்து வைத்து
மருந்து வாடை போன பிறகு ஊற்றினேன்.

நவம்பர். மூன்றரைக்கே இருட்டிவிடும்.
ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றினேன்.
இலை பச்சையாக இருந்தது.
டிசம்பர். பச்சையாகவே இருந்தது.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு
எதிர்பாராத விருந்தாளிக்கென்று
ஒரு தட்டு கூடுதலாக வைப்பது வழக்கம்.
என்னிடம் இருந்ததே இரண்டு தட்டு.
ஒன்றின் மேல் புட்டியைத் தூக்கி வைத்தேன்.
ஜனவரி.
வாடவுமில்லை, வேரும் விடவில்லை.
அதன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது:
சாகாமலும் தொடங்காமலும்
இப்படி ஒருத்தி நின்றுகொண்டே இருக்க முடியுமா?

பிப்ரவரியில் இன்னொரு கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள்.
'குடும்பத்தில் எத்தனை பேர்?'
ஒன்று என்று எழுதினேன்.
அவசரத்தில் அது ஏழு போலத் தெரிந்தது.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
அவர் தலை நிமிராமல் சொன்னார்:
"இலையை மட்டும் கிள்ளினால் வராது, திருமதி மால்வினா.
கணுவோடு வெட்ட வேண்டும்."
தடால் என்று ஒரு முத்திரை.

காது இரண்டும் கொதித்தன.
பெயர்ப்பலகையைப் பார்த்தேன், வேறெங்கே பார்ப்பது?
கவ்ரோன்.
எங்கள் மொழியில் அது ஒரு வகைக் காகம்.

"தண்டில் மூட்டு மூட்டாக இருக்கிறது பாருங்கள்,
அதில் பழுப்பாய் ஒரு மூக்கு.
அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.
மற்றதெல்லாம் வெறும் அழகு."
எழுந்தார். என் தாளை எடுத்துக்கொண்டார்.
"ஜெராக்ஸ் இயந்திரம் நடைக்கோடியில்.
சூடாக நான்கு நிமிடம் ஆகும்.
கத்தரிக்கோல் பேனாக் கிண்ணத்தில்."

பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தார்.
நான் நன்றி சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கணுவில் ஒரு வெள்ளைப் புள்ளி,
உப்புக்கல் ஒட்டியது போல.
பதினைந்தாம் நாள் ஒரு நூல்.
கண்ணாடியைத் தொட்டது, யோசித்தது, வளைந்து கீழே போனது.
வேரை இப்படிப் பட்டவர்த்தனமாய்ப் பார்ப்பது
உடை மாற்றும் அறைக் கதவைத்
தெரியாமல் திறந்துவிட்டது போலிருந்தது.
கையில் கிடைத்த காகிதத்தைப் புட்டிக்குச் சுற்றினேன்.
வரிபாக்கி நினைவூட்டல், இரண்டாம் பக்கம்.

பழைய இலையையும் எறியவில்லை.
பக்கத்திலேயே மிதக்கிறது. அதன் இஷ்டம்.

மே மாதம் மண்ணுக்கு மாற்றினேன்.
தண்ணீரில் பிறந்த வேர் மண்ணை நம்பாது.
பத்து நாள் தலையைத் தொங்கப் போட்டது,
பதினோராம் நாள் ஒத்துக்கொண்டது.
இப்போது மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது;
இந்தக் கட்டடத்தில் வெளிச்சம் அங்கேதான்.

நேற்று லிஃப்ட் பழுது.
பையோடு மூச்சிரைக்க ஏறி வந்தபோது கவனித்தேன்,
ஒரு கிளை குறைகிறது.
குனிந்து வெட்டைப் பார்த்தேன்.
கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே,
சாய்வாக, சுத்தமாக.
தெரிந்த கை.

மேல்மாடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.